பால்மரத்தின் முதுமையும் பாட்டாளியின் முதுமையும்

பால்மரம் நட்டு ஆறேழு ஆண்டில் வெட்டுக்கு வருகிறது. இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் பால் தந்தபின் அதன் சுரப்புக் குன்றுகிறது. பட்டையில் கத்தி படாத இடம் இல்லை என்ற நிலை வந்ததும், அதை வீழ்த்திப் புதுக்கன்று நடவேண்டும். கன்று பெரிதாகும்வரை தோட்டத்துக்கு வருமானமில்லை. செலவு மட்டும் உண்டு. இந்த இடைக்காலத்தை எவ்விதம் கடப்பது என்று முதலாளிமாரும் சர்க்காரும் கூடி யோசித்தனர். 1952-ஆம் ஆண்டில் மறுநடவு நிதிச் சட்டம் பிறந்தது. ஏற்றுமதியாகும் ரப்பரில் இறாத்தல் ஒன்றுக்கு 4½ காசு வீதம் தீர்வை வாங்கிச் சேர்த்து, மரம் முதிர்ந்த காலத்தில் அப்பணத்தை நட்டவர்க்கே திருப்பித் தருவது என்று ஏற்பாடாயிற்று. மரம் நாளொரு துளியாகப் பால் தரும்போதே அதன் முதுமைக்கும் பொருள் சேர்ந்துகொண்டிருந்தது. நல்ல ஏற்பாடுதான், நாம் அதைக் குறைகூறவில்லை.

நாம் கேட்பது வேறொன்று. அம்மரத்தைச் சீவியவன் ஒருவன் உண்டல்லவா? அவனுக்கும் கை நடுங்கும் காலம் வரும், கண் மங்கும், விடியற்காலை இருட்டில் வெட்டுக்கோடு தெரியாமற் போகும். அவன் முதுமைக்குப் பொருள் சேர்த்தவர் யார்? எவ்வளவு சேர்த்தனர்? சேர்த்தது போதியதாயிற்றா? இக்கேள்விக்கு விடை தேடி, மலாயாத் தோட்டப் பாட்டாளியின் நூறாண்டுக் கணக்கை ஒருவாறு புரட்டிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு சொல்லைப்பற்றிச் சொல்லவேண்டும். பென்ஷன் என்பதற்கு நம் பெரியோர் உபகாரச் சம்பளம் என்று பெயரிட்டனர். அச்சொல் நமக்கு உவப்பானதன்று. உழைத்து ஓய்ந்தவன் பெறுவது எவருடைய உபகாரமும் ஆகாது. கோயில் வாசலில் கையேந்தி நிற்கும் கிழவனைக் காணும்போது, அது அவன் முன்வினைப் பயன் என்று சொல்லி நகர்ந்துபோகிறவர்கள் நம்மில் பலர். அது வினைப்பயனன்று, கூட்டல் கழித்தல் கணக்கின் பயன். யாரோ செலுத்தவேண்டியதைச் செலுத்தாமையால் விழுந்த பற்று அது. இன்று வழங்கும் ஓய்வூதியம் என்ற சொல்லே பொருத்தமுடையது.

நிற்க. இங்கிலாந்தில் 1908-ஆம் ஆண்டு முதியோர் ஓய்வூதியச் சட்டம் நிறைவேறிற்று. மறுவருடம் ஜனவரி முதல் தேதி தொட்டு, எழுபது வயது நிறைந்த ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் கிடைக்கலாயிற்று. அதைப் பெறுவதற்கு அவர்கள் முன்னே சந்தா ஏதும் செலுத்தியிருக்க வேண்டுவதில்லை. பொக்கிஷத்திலிருந்து, அதாவது வரிப்பணத்திலிருந்து, அத்தொகை வந்தது. அதனால் பெரும்பயன் அடைந்தவர்களில் கிராமத்து உழவுத் தொழிலாளரும் உண்டு. ஏனெனில் வாரக்கூலியில் மிச்சம் பிடிக்க வழியில்லாதவர் அவர்களே. நூல் பிடித்தாற்போல் அதே காலத்தில், அதாவது 1907-ல், அதே கொடி பறந்த மலாயாவிலும் ஒரு சட்டம் வந்தது. ஒரு நிதியும் பிறந்தது. அதன் பெயர் தமிழர் குடியேற்ற நிதி. பின்னர் அது இந்தியர் குடியேற்ற நிதி எனப் பெயர் பெற்றது. அந்நிதி எதற்காக? கிழவரைக் காப்பதற்கன்று, வாலிபரைக் கொண்டுவருவதற்கு.

அதன் அமைப்பை நன்கு கவனிக்கவேண்டும். ஒவ்வொரு தோட்டத்திலும் இந்தியத் தொழிலாளர் எத்தனை நாள் வேலை செய்தனர் என்று கணக்கெடுத்து, அந்நாட்களின் தொகைக்குத் தக்கபடி முதலாளி வரி செலுத்தவேண்டும். அப்பணத்தில் தென்னாட்டிலிருந்து ஆட்களுக்குக் கப்பற் கட்டணமும் வழிச்செலவும் கொடுக்கப்பட்டன. சஞ்சிக்கூலி முறை 1910-ல் நிறுத்தப்பட்டபின், கடனில்லாமல் வந்திறங்கும் சுயேச்சைத் தொழிலாளர் என்று பெருமையாகக் கூறப்பட்டது இந்நிதியின் பயனே. தொழிலாளியின் உழைப்பு நாளை அளவுகோலாக வைத்து முதலாளியிடம் வரி வாங்கலாம், அதைப் பொதுநிதியாக வைத்து நிர்வகிக்கலாம் என்பது 1907-லேயே மலாயாவில் மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. ஓய்வூதியத்துக்கு வேண்டிய இயந்திரம் இருந்தது. ஆனால் அது வேறு திசையில் ஓட்டப்பட்டது.

ஏன் என்று கேட்டால், அக்காலத்து அதிகாரிகளிடம் ஒரு விடை ஆயத்தமாக இருந்தது. தமிழத் தொழிலாளி இந்நாட்டவன் அல்லன். மூன்று நான்கு ஆண்டு உழைத்துவிட்டு ஊர் திரும்புகிறவன். அவன் முதுமை அவனுடைய கிராமத்தைச் சேர்ந்தது என்பதே அவ்விடை. தஞ்சை, திருச்சி, சேலம், வடஆர்க்காடு ஜில்லாக்களின் கிராமங்களே மலாயா ரப்பருக்கு முதியோர் இல்லமாகக் கொள்ளப்பட்டன. குழந்தைப் பருவத்தில் அவனுக்குச் சோறிட்டதும் அக்கிராமமே. கிழப்பருவத்தில் இடவேண்டியதும் அக்கிராமமே. இடையிலுள்ள வலிவான காலம் மட்டும் தோட்டத்துக்குச் சொந்தம். திரும்பிப்போகும் கப்பற் சீட்டுத்தான் அவனுக்குக் கிடைத்த ஓய்வூதியம்.

இவ்வேற்பாடு எத்தகையது என்பதை 1930-ஆம் ஆண்டின் பொருளாதார மந்தம் வெட்டவெளிச்சமாக்கிற்று. முக்கியப் பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் என்று வகுத்திருந்த கூலி, அவ்வாண்டில் 40 காசும் 32 காசுமாகக் குறைக்கப்பட்டது. அதன் பின்னும் குறைந்தது. வேலையிழந்தவர் பல்லாயிரவர் குடியேற்ற நிதியின் செலவிலேயே கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் அனுப்பப்பட்டனர். கொண்டுவரவும் அந்நிதி, கொண்டுபோய் விடவும் அந்நிதி. ஊரிலோ நிலமில்லை, வீடில்லை. தங்கள் தகப்பனார் விட்டுவந்த வறுமை மட்டும் அப்படியே இருந்தது. போக்கிடமற்ற தளர்ந்த தொழிலாளருக்கென்று அந்நிதி இங்கே சில இல்லங்களை நடத்திற்று என்பதையும் நேர்மையாகக் குறிப்பிடவேண்டும். எனினும் இல்லத்தில் ஓரிடம் என்பது கருணையால் கிடைப்பது. கணக்கில் வரவு என்பது உரிமையால் கிடைப்பது. இரண்டும் ஒன்றாகா.

1936-ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய சர்க்காரின் சார்பாக ஸ்ரீநிவாச சாஸ்திரியார் இங்கு வந்து தோட்டங்களைப் பார்வையிட்டு, மறுவருடம் அறிக்கை வெளியிட்டார். கூலி பழைய அளவுக்கு உயரவேண்டும் என்பது அதிற் கண்ட யோசனைகளுள் ஒன்று. அதுவும் நீடித்து நடைபெறவில்லை. 1938-ல் கூலி மீண்டும் குறைக்கப்படவே, இந்திய சர்க்கார் உதவி பெற்றுக் குடியேறுவதைத் தடுத்துவிட்டது. கங்காணியின் கப்பல் நின்றது. பிறகு யுத்தம் வந்தது. சயாம் ரயில்பாதைக்குத் தோட்டம் தோட்டமாக ஆட்கள் கொண்டுபோகப்பட்டனர். திரும்பாதவர் தொகை பெரிது. 1947-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு எடுத்தபோது, மலாயா இந்தியரில் ஏறக்குறையப் பாதிப்பேர் இம்மண்ணிலேயே பிறந்தவர் என்பது தெரியவந்தது. கிராமம் பார்த்துக்கொள்ளும் என்ற பழைய விடை அன்றே செத்துவிட்டது. லயத்திற் பிறந்தவனுக்கு எந்தக் கிராமம்?

இந்நிலையில்தான் ஊழியர் சேமநிதிச் சட்டம் 1951-ல் வந்தது. அவ்வாண்டு அக்டோபரில் நிதி தொடங்கிற்று. தொழிலாளி சம்பளத்தில் நூற்றுக்கு 5, முதலாளி நூற்றுக்கு 5; இரண்டும் தொழிலாளியின் பேரில் வரவு வைக்கப்படும்; 55 வயதில் முழுத்தொகையும் அவன் கைக்கு வரும். நூற்றுக்கு 2½ வட்டிக்குக் குறையாது என்ற உறுதியும் உண்டு. காசு சேர்த்தறியாத பாட்டாளிக்கு அவன் பேரிலேயே ஒரு கணக்கு, அதில் முதலாளியின் பங்கும் சேர்ந்து வளர்கிறது என்பது அற்பமான முன்னேற்றமன்று. கூலி நாளன்று கள்ளுக்கடையும் வட்டிக்கடையும் வழிமறிக்கும் பாதையில், யாராலும் பறிக்கமுடியாத ஒரு பங்கு அவனுக்காக ஒதுங்கி நின்றது. நாம் அதைப் போற்றவே செய்கிறோம்.

ஆனால் சேமநிதி வேறு, ஓய்வூதியம் வேறு. இவ்வேறுபாட்டை நம்மவர் நன்குணரவில்லை. ஓய்வூதியம் சாகும்வரை வருவது. சேமநிதி தீரும்வரை வருவது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவன் மாதம் 60 வெள்ளி சம்பாதிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் பங்கு 3 வெள்ளி, முதலாளி பங்கு 3 வெள்ளி. ஆண்டுக்கு 72 வெள்ளி. இருபது ஆண்டு விடாமற் செலுத்தினால் 1,440 வெள்ளி. நூற்றுக்கு 2½ வட்டியும் வட்டிக்கு வட்டியும் சேர்த்தால் ஏறத்தாழ 1,840 வெள்ளி. ஓய்ந்தபின் அவன் இன்னும் இருபது ஆண்டு உயிர்வாழ்ந்தால், மாதத்துக்கு ஏழே முக்கால் வெள்ளிக்கும் குறைவு. எஞ்சிய தொகைக்குத் தொடர்ந்து வட்டி சேர்ந்துகொண்டே வந்தாலும் பத்து வெள்ளியை எட்டாது. அறுபது வெள்ளியில் வாழ்ந்தவன் பத்து வெள்ளியில் வாழவேண்டும். அதுவும் இருபது ஆண்டுக்குள் அவன் செத்துவிடவேண்டும்!

இக்கணக்கும் மிகத் தாராளமானது. மழை பெய்தால் வெட்டில்லை. வெட்டில்லாத நாளுக்குக் கூலியில்லை. கூலியில்லாத நாளுக்குச் சந்தாவும் இல்லை. இலையுதிர் காலத்தில் பால் குறையும். ரப்பர் விலையோடு கூலியைப் பிணைத்த ஒப்பந்தங்கள் பல இருந்தமையால், லண்டன் சந்தையில் விலை சரிந்தால் தோட்டத்துத் தொழிலாளியின் முதுமையும் கூடவே சரிந்தது. வயது ஏற ஏற அவன் சீவும் மரங்கள் குறைந்து, கடைசி ஆண்டுகளில் வருமானமும் சந்தாவும் ஒருங்கே மெலிந்தன. பெண்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவர்கள் கூலி குறைவு, ஆதலால் வரவு குறைவு. ஆயுளோ ஆணைவிட அதிகம். கணவன் கங்காணியின் பிரட்டில் பெயர் கொடுக்க, மனைவி பெயரின்றி உடன் நின்று உழைத்ததும் உண்டு. ஒப்பந்தக்காரரிடம் களை பிடுங்கப் போன பெண்கள் பலருக்குச் சந்தாவே ஏறவில்லை.

இவற்றோடு வீடு என்னும் கேள்வியும் சேர்ந்துகொண்டது. தோட்டத்து லயம் வேலைக்கு உரிய வீடு. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. பிள்ளைகளில் ஒருவராவது அத்தோட்டத்திலேயே வேலை செய்தால் கிழவர் ஒண்டியிருக்கலாம், இல்லையேல் வெளியேறவேண்டும். முப்பது ஆண்டுச் சேமிப்பு, ஒரு பலகை வீட்டுக்கும் ஒரு மகளின் கலியாணத்துக்கும் சரியாய்ப் போயிற்று என்றால், அவரை ஊதாரி என்று சொல்ல நமக்கு நாவெழவில்லை. கலியாணச் செலவைப்பற்றி நாம் பலமுறை கண்டித்துப் பேசியிருக்கிறோம்; அக்கண்டனம் இன்றும் மாறவில்லை. எனினும் ஆடம்பரமே செய்யாத வீட்டிலும் பணம் தீர்ந்துதான் போயிற்று. 1950-களிலும் 60-களிலும் பெருந்தோட்டங்கள் துண்டுபோட்டு விற்கப்பட்டபோதும், 1969-க்குப் பின் குடியுரிமையில்லாதோர் வேலை செய்ய அனுமதிச்சீட்டு வேண்டும் என்றானபோதும், பலர் தங்கள் சேமநிதியை முன்னதாகவே எடுத்துக்கொண்டு கப்பலேறினர். அம்முறை அவர்கள் ஏறிய கப்பலுக்குக் கட்டணம் அவர்கள் சேமிப்பிலிருந்தே போயிற்று.

சேமநிதியின் சந்தா பின்னர்ப் படிப்படியாக உயர்ந்தது உண்மை. 1975-ல் தொழிலாளிக்கு 6, முதலாளிக்கு 7. 1980-ன் முடிவில் 9-ம் 11-ம். 1996-ல் 11-ம் 12-ம் என்றாயிற்று. 1983 முதல் 1987 வரை நூற்றுக்கு 8½ லாபப்பங்கு கிடைத்தது. ஆனால் 1974-ல் விலைவாசி ஒரே ஆண்டில் நூற்றுக்கு 17-க்கு மேல் ஏறியபோது, நிதி தந்த லாபப்பங்கு 7-ஐக்கூட எட்டவில்லை. அந்த ஓராண்டில் பழைய தொழிலாளரின் சேமிப்பில் பத்தில் ஒரு பங்கு ஆவியாய்ப் போயிற்று. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த சொக்சோ, வேலையில் ஊனமுற்றவர்க்கும் இறந்தவரின் குடும்பத்துக்கும் மெய்யாகவே மாதாமாதம் ஊதியம் தருகிறது. முதுமைக்கு மட்டும் அதில் இடமில்லை.

நிதி நிலைக்குமா என்று அறிஞர்கள் ஓயாமல் கேட்கிறார்கள். நம் சேமநிதி நிலைத்தது, ஒருகாலும் ஆட்டங்காணவில்லை. காரணம் வெளிப்படை. இருப்பதற்கு மேல் அது யாருக்கும் எதுவும் வாக்களிக்கவில்லை. தொகை தீர்ந்தபின் கிழவர் பட்டினி கிடந்தால் அது நிதியின் கணக்கில் நஷ்டமாக எழுதப்படுவதில்லை. அவர் மகனின் கணக்கிலும் பெட்டிக்கடைக்காரரின் கடன் நோட்டிலுமே எழுதப்படுகிறது. நிதி நிலைத்தது; நிதிக்குரியவர் நிலைகுலைந்தார்.

இதற்கு நேர்மாறான நாடும் ஒன்று உண்டு. வேடிக்கை என்னவெனில், நம் பால்மரத்தின் தாய்நாடே அது. 1876-ல் விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் காட்டிலிருந்து விதைகளைக் கொண்டுபோய் லண்டனில் முளைக்கவைத்ததும், மறுவருடம் 22 நாற்றுகள் சிங்கப்பூர் வந்ததும் நேயர்கள் அறிந்த கதை. அந்தப் பிரேசிலில் 1963-ஆம் ஆண்டுச் சட்டமொன்று, விளைபொருள் முதன்முதல் விற்கப்படும்போது நூற்றுக்கு 1 தீர்வை வாங்கி, அதை உழவுத் தொழிலாளர் நிதிக்குச் சேர்த்தது. 1971-ல் அது விரிவடைந்தது. விளைச்சல் மீது நூற்றுக்கு 2, பட்டணத்து முதலாளிமாரின் சம்பளப் பட்டியல் மீது நூற்றுக்கு 2.4 என்று இரு ஊற்றுகள் திறக்கப்பட்டன. 65 வயதான குடும்பத் தலைவருக்குக் குறைந்தபட்சக் கூலியில் பாதி மாதந்தோறும் கிடைத்தது. 1988-ஆம் ஆண்டு அரசியற் சட்டமோ ஆணுக்கு 60, பெண்ணுக்கு 55 என வயதைத் தாழ்த்தி, பாதியை முழுக் குறைந்தபட்சக் கூலியாக உயர்த்திற்று. குடும்பத் தலைவர் என்ற பேச்சே ஒழிந்தது. வயலில் உழைத்த மனைவிக்கும் தன் பேரிலேயே ஓய்வூதியம் வந்தது. இச்சீர்திருத்தத்தில் நமக்கு மிகவும் பிடித்தது இதுவே.

செலவு என்னவாயிற்று? கிராமத்தார் செலுத்தும் தீர்வை, கிராமத்தார் பெறும் ஓய்வூதியத்தில் ஒரு சிறு பகுதிக்கே காணும். மிச்சத்தைப் பட்டணத்துச் சந்தாவும் பொது வரியும் ஈடுசெய்கின்றன. ஆண்டுதோறும் பற்றாக்குறை என்று அந்நாட்டுப் பொருளாதார நிபுணர் கூக்குரலிடுகின்றனர். 2019-ல் ஓய்வூதிய விதிகளை இறுக்க முனைந்த சர்க்கார், கிராமத்தார் வயதிலும் கைவைக்கப் பார்த்தது, சட்டசபையார் இணங்கவில்லை. பற்றாக்குறை மெய், அதை மறைப்பது நேர்மையாகாது. கிராமத்தில் இளைஞர் குறைந்து கிழவர் மிகும்போது அது வளரவும் செய்யும். ஆயினும் அந்தப் பற்று பகிரங்கமாக எழுதப்பட்டிருக்கிறது. சட்டசபை அதைப்பற்றி வாதாடுகிறது. கிழவர் பட்டினியில் அது மறைக்கப்படவில்லை. மற்றொன்றும் உண்டு. 1942-ல் மலாயா ஜப்பானியர் வசமானதும் நேசநாடுகளுக்கு ரப்பர் அற்றுப்போகவே, பிரேசில் ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோரை அமேசான் காட்டுக்குப் பால் எடுக்க அனுப்பிற்று. ரப்பர்ச் சிப்பாய்கள் என்று அவர்களுக்குப் பெயர். அவர்களில் வறியோர்க்கு ஆயுட்காலம் முழுவதும் மாதம் இரண்டு குறைந்தபட்சக் கூலி அளிக்கவேண்டும் என்று அதே 1988-ஆம் ஆண்டு அரசியற் சட்டம் விதித்தது. மரம் சீவியவன் பெயர் ஒரு நாட்டின் அரசியற் சட்டத்தில் ஏறியிருக்கிறது!

மலாயாவில் அத்தகைய தீர்வை வாங்க முடியாதென்று சொல்வார் உளர். தொடக்கத்திற் சொன்ன 4½ காசை மீண்டும் எடுத்துக்கொள்வோம். ஒரு தொழிலாளி நாளொன்றுக்கு 15 இறாத்தல் ரப்பருக்குரிய பால் எடுக்கிறான், மாதம் 25 நாள் வெட்டு என்று வைத்துக்கொண்டால், மரத்தின் மறுநடவுக்காக அவன் கையால் சேர்ந்தது மாதம் ஏறத்தாழ 17 வெள்ளி. அவன் முதுமைக்காக, அவன் பங்கும் முதலாளி பங்கும் கூட்டி, நம் பழைய கணக்குப்படி 6 வெள்ளி. இறாத்தலுக்கு ஒரே ஒரு காசு கூடுதலாக வாங்கியிருந்தால், மாதம் 3¾ வெள்ளி சேர்ந்து, அவனுக்குரிய வரவு பாதிக்குமேல் உயர்ந்திருக்கும். கொரியா யுத்தத்தின்போது, 1951-ன் தொடக்கத்தில், ரப்பர் இறாத்தல் 2 வெள்ளியைத் தாண்டி விற்ற காலம் அது. ஒரு காசைத் தாங்கமாட்டாத தொழிலன்று. மரம் போய்ச் செம்பனை வந்தபின் அத்தீர்வை வற்றியிருக்கும், பிரேசிலைப்போல் பொக்கிஷம் கைகொடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் ஒப்புகிறோம். ரப்பரால் செழித்த பொக்கிஷம்தானே அது?

பழைய குடியேற்ற நிதி என்னவாயிற்று என்று நேயர்கள் கேட்கலாம். ஆட்களைக் கொண்டுவரும் வேலை ஒழிந்தபின்னும் அதன் சொத்து ஒழியவில்லை. 1958-ல் அது தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாக மாற்றியமைக்கப்பட்டது. அதனைத் தோட்டப் பாட்டாளியின் ஓய்வூதிய நிதிக்கு அடிமுதலாக வைத்திருக்கலாம், வைக்கவில்லை. 1999-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் அது கலைக்கப்பட்டு, அதன் உடைமைகள் சர்க்காரைச் சேர்ந்தன. அவ்வாண்டில் 55 வயது நிறைந்து கத்தியையும் வாளியையும் கீழே வைத்த தொழிலாளி, ஜப்பானியர் காலமாகிய 1944-ல் ஏதோ ஒரு லயத்திற் பிறந்தவர். அவர் கைக்கு வந்தது அவர் பேரிலிருந்த சேமநிதித் தொகை மட்டுமே.